செவலைக்குப் போட்ட சோறு

வைக்கோல் போரில் கையை வைக்காதீர்கள் தம்பி. பிடுங்கிப் பார்க்க வேண்டாம். உள்ளே எப்படி இருக்கிறது என்று நானே சொல்கிறேன். ஒரு தாள் கூட நனையவில்லை, ஒரு பிடி கூடப் பூசணம் பிடிக்கவில்லை. முதலில் உட்காருங்கள். அந்தக் கல்லில் வேண்டாம், வெயில் வந்துவிடும். இந்தக் கட்டிலில் உட்காருங்கள். லாரி நிற்கட்டும். டிரைவர் தூங்குகிறார், பாவம், தூங்கட்டும்.

மோர் தரலாம் என்றால் வீட்டில் பால் கிடையாது. மாடு நின்ற வீட்டில், வந்தவருக்கு மோர் இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கிறது. சோறும் இல்லை. ஓர் உழக்கு அரிசிதான் வடித்தேன், அது எனக்குச் சரியாகப் போய்விட்டது. நீங்கள் வருவது தெரிந்திருந்தால் கூடப் போட்டிருப்பேன். தண்ணீர் குடியுங்கள். நல்ல தண்ணீர்.

உத்திராபதி அனுப்பினானா உங்களை? அவனாகத்தான் இருக்கும். எதிர் வீடு அவனுடையது. "மாடு இல்லாத ஊட்ல மலை மாதிரி போரு கெடக்கு, போயி வெலைய கேளுங்க" என்றிருப்பான். என் முகத்துக்கு நேராகவே சொல்கிறவன்தான். தை மாதம் அறுப்புக்கு மெஷின் வேண்டாம், ஆள் வைத்துத்தான் அறுப்பேன் என்று நான் நின்றபோது, ஊரே சிரித்தது. "அண்ணே, வைக்கோல நீங்களே திங்கப் போறீங்களா?" என்று கேட்டவன் அவன்தான். மெஷின் அறுத்தால் தாள் நசுங்கிவிடும், சேறு ஒட்டிக்கொள்ளும். செவலை முகர்ந்து பார்க்கும், உஸ்ஸென்று மூச்சு விடும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதற்காகத்தான் ஆள் தேடி அலைந்து கையால் அறுத்தேன். செவலை என்பது எங்கள் மாடு. இந்தப் போர் முழுக்க அதற்காகப் போட்டது.

மாடு இங்கே இல்லை. பார்க்கிறீர்களே. ஆனால் வரும். தஞ்சாவூர்ப் பக்கத்தில் என் மச்சினன் வீட்டில் நிற்கிறது. என் மனைவியும் அங்கேதான் இருக்கிறாள். மார்கழியில் போனார்கள், இப்போது சித்திரை. மாட்டுக்கு உடம்பு நன்றாகிவிட்டது என்கிறார்கள். நன்றாகிவிட்டது என்றால் கொண்டுவந்து விட வேண்டியதுதானே? அதுதான் எனக்கு விளங்கவில்லை. நான் தப்பாக ஏதாவது செய்தேனா என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். செய்தேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு இத்தனை நாளா?

என்ன நடந்தது என்று கேளுங்கள். கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள். நீங்கள் மாடு இருக்கிற ஊர்களுக்கெல்லாம் வைக்கோல் ஏற்றுகிறவர். உங்களுக்குத் தெரியும்.

நான் மாட்டைக் கவனிக்காத ஆள் இல்லை. பிள்ளை குட்டி இல்லாத வீடு எங்களுடையது. கவனிக்க வேறு என்ன இருக்கிறது? செவலை படுத்து அசை போடுகிறதா, நின்றுகொண்டு போடுகிறதா, எந்தப் பக்கத்துக் கடைவாயில் போடுகிறது, எல்லாம் எனக்குத் தெரியும். தொண்டையில் ஓர் உருண்டை மேலே ஏறி வருவது தெரியும், மென்று முடித்ததும் அது கீழே இறங்குவது தெரியும், கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு அடுத்த உருண்டை வரும். அந்தச் சும்மா இருக்கிற நேரம் கொஞ்சம் நீண்டால் எனக்கு மனசு திக்கென்னும். சாணியைப் பார்த்தே முந்தின நாள் என்ன தின்றது என்று சொல்லிவிடுவேன். நான் சாப்பிட்டுக் கை கழுவியதும் நேரே கொட்டகைக்குத்தான் போவேன். நான் எழுந்த பிறகுதான் தையல்நாயகி தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களையில் உட்காருவாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அவள் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை என்றுகூடச் சொல்லலாம். எல்லா வீட்டிலும் அப்படித்தானே? நான் அங்கே மாடு தின்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன், அவள் இங்கே சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் தேய்ப்பாள்.

போன ஐப்பசியில் ஆரம்பித்தது. சோறு மிஞ்ச ஆரம்பித்தது. முதலில் ஒரு கரண்டி, இரண்டு கரண்டி. கழுநீர்த் தொட்டியில் கொட்டினேன். கஞ்சியும் கழுநீரும் எல்லாரும் ஊற்றுவதுதானே, அதோடு இரண்டு பருக்கை போனால் என்ன? சோற்றைக் குப்பையில் போட எனக்கு மனசு வராது. செவலைக்கும் அது ருசித்துவிட்டது. நான் சோற்றுப் பானையோடு வருவதைப் பார்த்தாலே கயிற்றை இழுக்கும், நாக்கால் மூக்கைத் துழாவும். கொடுக்கிறவனுக்கு அதைப் பார்க்க எப்படி இருக்கும், சொல்லுங்கள். நாளாக ஆக மிஞ்சுவது கூடிக்கொண்டே போயிற்று. கால் பானை, அரைப் பானை.

நான் கேட்டேன். கேட்காமல் இல்லை. "என்ன தையலு, இப்படி வடிச்சு வடிச்சுக் கொட்டுறே?"

"கை தவறிப் போவுதுங்க," என்றாள்.

அவ்வளவுதான். எனக்கும் அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை. மிஞ்சட்டும், மாடு தின்னட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் நடவு நாள். பத்துப் பதினைந்து பெண்கள் வருவார்கள் என்று அவளைச் சமைக்கச் சொன்னேன். விடிவதற்குள் பிடித்த மழை விடவே இல்லை. ஒருவரும் வரவில்லை. பெரிய அண்டா நிறையச் சோறு, மதியத்துக்குள் புளிக்க ஆரம்பித்துவிடும். அக்கம்பக்கத்தில் கொடுத்தது போக மிச்சத்தை முழுக்கச் செவலைக்குப் போட்டேன். வேண்டாம் என்று தையல் சொன்னாள். சொன்னாள், அதை நான் மறைக்கவில்லை. "அது வாயில்லா சீவனுங்க, போதும்னு சொல்லத் தெரியாது," என்றாள். "வாயிருக்கறதாலதான் இப்படித் திங்குது," என்று நான் சிரித்தேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன். மாடு தொட்டியை நக்கித் துடைத்தது.

மறுநாள் காலையில் எழுந்திருக்கவில்லை. காது சில்லென்று இருந்தது. பல்லை நறநறவென்று கடித்தது. சாணி தண்ணீராகப் போயிற்று, புளித்த வாடை. அசை இல்லை. தொண்டையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஓர் உருண்டை வராதா, ஒன்றே ஒன்று வராதா என்று. என் ஆயுசில் எதற்கும் நான் அப்படிக் காத்திருந்ததில்லை.

டாக்டரம்மா வந்தார்கள். சின்ன வயசு, ஸ்கூட்டரில் வந்தார்கள், மழைக்கோட்டைக் கழற்றக்கூட இல்லை. இடது பக்கம் விலா முடிகிற இடத்தில் ஒரு பள்ளம் இருக்கும் பாருங்கள், அங்கே முட்டியால் அழுத்தினார்கள். குழாயை வைத்து வெகு நேரம் கேட்டார்கள்.

"சத்தமே இல்லை," என்றார்கள். "என்ன போட்டீங்க?"

சொன்னேன். அவர்கள் திட்டவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. பொறுமையாக விளக்கினார்கள். மாட்டின் முதல் வயிறு பெரிய பானை மாதிரியாம். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றனவாம். வைக்கோலைச் செரிக்க வைப்பது மாடு இல்லை, அந்த உயிர்கள்தானாம். "நீங்க மாட்டுக்குத் தீனி போடலைங்க. அதுக்குள்ள இருக்கறதுங்களுக்குப் போடறீங்க. சோறு போய் விழுந்தா உள்ளே சட்டுனு புளிச்சு அமிலமாயிடும். அதுங்க செத்துடும். அப்புறம் மாடு எதைத் தின்னாலும் உள்ளே வேலை செய்ய ஆளில்லை." எவ்வளவு விளக்கமாகச் சொன்னார்கள் பாருங்கள். எனக்கு அப்படியே மனப்பாடம்.

பிறகு ஒன்று கேட்டார்கள். "ரெண்டு பேர் இருக்கற வீட்ல தினமும் எப்படிங்க அவ்வளவு சோறு மிஞ்சுது?"

"அவளுக்கு அளந்து போடத் தெரியாதுங்க," என்றேன்.

டாக்டரம்மா தையலைப் பார்த்தார்கள். தையல் தரையைப் பார்த்தாள்.

சோடா உப்புக் கரைத்து ஊற்றினார்கள், ஊசி போட்டார்கள். அது மட்டும் போதாது, செத்துப்போன உயிர்களுக்குப் பதில் புதிசாக உள்ளே விட வேண்டும் என்றார்கள். எப்படி என்றால், கறிக்கடையில் காலையில் ஆடு அறுப்பார்கள் இல்லையா, அந்த ஆட்டின் இரைப்பையைப் பிழிந்து, சாற்றைச் சூடு ஆறுவதற்குள் கொண்டுவந்து மாட்டின் வாயில் ஊற்ற வேண்டும். சூடு போய்விட்டால் அதுவும் செத்துப்போகுமாம். நான் கறி தின்கிறவன்தான் தம்பி. ஆனாலும் அந்த வயிற்றைப் பிழிவதைப் பார்க்க என்னால் ஆகாது. மாட்டை விட்டு நகரவும் மனசில்லை. தையல்தான் போனாள். பேருந்து நிறுத்தத்துப் பக்கம் இருக்கிறது கறிக்கடை, இங்கிருந்து நல்ல தூரம். மழையில் தூக்குவாளியைப் புடவைத் தலைப்பில் சுற்றி, வயிற்றோடு அணைத்துக்கொண்டு நடந்து வந்தாள். வாளியைத் தொட்டுப் பார்த்தேன், சூடாகவே இருந்தது. கெட்டிக்காரி. என் கையில் கொடுத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் வாந்தி எடுத்தாள். அந்த வாடை யாருக்குத்தான் ஒத்துக்கொள்ளும்? அடுத்தடுத்த நாளும் போனாள், அடுத்தடுத்த நாளும் எடுத்தாள்.

மாட்டைப் பார்க்க மறுபடி வந்தபோது டாக்டரம்மா அவளைக் கூப்பிட்டார்கள். "உங்களுக்கு என்னம்மா? கண்ணெல்லாம் வெளுத்திருக்கு. இளைச்சுக்கிட்டே போறீங்களே."

அவள் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன். "மாட்டை நெனச்சு உருகிப் போயிட்டா டாக்டரம்மா. அதுக்குச் சரியானா இவளுக்கும் சரியாயிடும்."

"நான் அம்மாவைக் கேட்டேன்," என்றார்கள்.

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்? தையல் "ஒண்ணுமில்லீங்க" என்றாள். நான் சொன்னதைத்தானே அவளும் சொன்னாள்?

மெள்ள மெள்ளச் செவலை தேறியது. டாக்டரம்மா எனக்குக் கேட்கக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அந்த இடது பள்ளத்தில் காதை வைத்தால் உள்ளே தூரத்தில் இடி உருளுகிற மாதிரி கேட்கும். முதலில் அந்தச் சத்தம் வந்த அன்று நான் கொட்டகையிலேயே உட்கார்ந்துவிட்டேன். "தையலு, கேட்டுருச்சு" என்று கூப்பிட்டேன். அவள் வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நல்லதுங்க," என்றாள். காதை வைத்துக் கேள் என்றேன். "குனிய முடியலீங்க," என்றாள். ஏதோ இடுப்புப் பிடிப்பு.

அன்றைக்கே நான் ஒரு கட்டுப்பாடு போட்டேன். இனிமேல் இந்த வீட்டில் ஒரு பருக்கை மிஞ்சக் கூடாது என்றேன். இரண்டு உழக்குப் போடுகிறவள் ஓர் உழக்குப் போடு என்றேன். உழக்கை என் கையாலேயே எடுத்துக் காட்டினேன், தலைதட்டி. மறுநாளிலிருந்து ஓர் உழக்கு. சோறு மிஞ்சவே இல்லை. பார்த்தீர்களா, முன்னமே சொல்லியிருந்தால் மாட்டுக்கு இந்தப் பாடு வந்திருக்காது. முன்னமே ஏன் சொல்லாமல் போனேன் என்று அதைத்தான் இப்போதும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மார்கழியில் பக்கிரிசாமி வந்தான். அவளுடைய தம்பி. அவனுக்கு யார் சொன்னது என்று இன்றுவரை தெரியாது. நான் சொல்லவில்லை. ஒரு குட்டி லாரியோடு வந்து நின்றான். "அத்தான், அக்காவை அழைச்சிட்டுப் போறேன். அங்க பெரிய ஆஸ்பத்திரில காட்டணும்," என்றான்.

"காட்டிட்டு வாங்க மாப்ளே. லாரி எதுக்கு?"

தையல்தான் சொன்னாள். "செவலையும் வரட்டுங்க. இங்க தனியா விட்டா நீங்க சோத்தப் போட்டுருவீங்க."

இதுதான் தம்பி என் மனத்தாங்கல். அத்தனை நாள் கண் மூடாமல் பார்த்து, காதை வைத்துக் கேட்டு, அதன் மூச்சோடு மூச்சாக இருந்தவனைப் பார்த்துச் சொல்லலாமா அந்த வார்த்தையை? ஆனாலும் மாட்டை ஏற்றினோம். ஏறும்போது பின்னங்கால் சறுக்கியது, வைக்கோல் பரப்பினேன். தலைக்கயிறு நீளமாக இருந்தது, குறைத்துக் கட்டினேன். டிரைவரிடம் வேகத்தடையில் மெதுவாகப் போகச் சொன்னேன், இரண்டு முறை சொன்னேன். அவள் முன்னால் ஏறி உட்கார்ந்திருந்தாள். மடியில் துணிப்பை இருந்தது. வண்டி கிளம்பும்போது தலையை வெளியே நீட்டி என்னவோ சொன்னாள். நான் பின்பக்கம் நின்று மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காதில் விழவில்லை. என்ன சொல்லியிருப்பாள்? கதவைச் சாத்தச் சொல்லியிருப்பாள், அடுப்பைப் பார்க்கச் சொல்லியிருப்பாள். வேறென்ன சொல்லப் போகிறாள்? ஆனாலும் சில நேரம் அதுவே ஞாபகத்துக்கு வருகிறது.

தினமும் போன் பேசுகிறேன். விசாரிக்காமல் இல்லை. அசை போடுகிறதா, சாணி எப்படி இருக்கிறது, தண்ணீர் குடிக்கிறதா, எல்லாம் கேட்பேன். "நல்லா இருக்குங்க" என்பாள். "நீங்க சாப்ட்டீங்களா?" என்பாள். சாப்பிட்டேன் என்பேன். அப்புறம் கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சும்மா இருப்போம். வைத்துவிடுவாள். இடையில் சில நாள் ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்துவிட்டார்கள். மூக்கு வழியாகக் குழாய் போட்டிருக்கிறது என்று பக்கிரிசாமி சொன்னான். ஏதோ சோதனைக்கு. அப்படியானால் அந்த நாளெல்லாம் மாட்டை யார் பார்த்தார்கள் என்று கேட்டேன். அவன் போனை வைத்துவிட்டான். மரியாதை தெரிந்த பையன்தான், ஏன் அப்படிச் செய்தான் என்று தெரியவில்லை.

போன வாரம் அவளே கூப்பிட்டாள். குரல் மெலிசாக இருந்தது, தூரத்திலிருந்து வருகிற மாதிரி. "இன்னிக்கு ரெண்டு வாய் கஞ்சி எறங்குச்சுங்க," என்றாள்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "மாட்டுக்கு ஏன் கஞ்சி குடுக்கிறீங்க? டாக்டரம்மா சொன்னது அதுக்குள்ள மறந்துபோச்சா?" என்றேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் சிரித்தாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். போனில் எப்படித் தெரியும்?

நேற்றும் பக்கிரிசாமி பேசினான். "அத்தான், ஒரு நடை வந்துட்டுப் போங்க."

"மாட்டைப் பார்க்கவா?"

"மாட்டையும் பாக்கலாம்," என்றான்.

வானம் மூடிக்கொண்டிருக்கிறது, கோடை மழை இறங்கினால் போர் நனைந்துவிடும், நான் இல்லாவிட்டால் தார்ப்பாய் போட யார் இருக்கிறார்கள் என்றேன். அதனால்தான் நீங்கள் லாரியை நிறுத்தியதும் எனக்குப் பகீரென்றது. இதை விற்றுவிட்டால், மாடு திரும்பி வந்து எதைத் தின்னும்? தீனி இல்லாத வீட்டுக்கு அவளும்தான் எப்படி மாட்டை ஓட்டிக்கொண்டு வருவாள்? இது இருக்கிறவரை வருவார்கள் என்று ஒரு எண்ணம். உத்திராபதி சிரிப்பது இதற்காகத்தான். சிரிக்கட்டும்.

தண்ணீர் இன்னும் வேண்டுமா? சோறு இல்லாததைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். வந்தவரைப் பசியோடு உட்கார வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறேன். அந்த உழக்கு அடுக்களையில் அவள் வைத்த இடத்திலேயே இருக்கிறது. நான் மாற்றவில்லை. அதில்தான் அளக்கிறேன், அவள் அளந்த மாதிரியே தலைதட்டி. சாப்பிட்டு எழுந்தால் பானை காலி. வழித்தால் ஒரு பருக்கை வராது.

நான் சொல்வது புரிகிறதா தம்பி? கார்த்திகையிலும் ஓர் உழக்குத்தான். மிஞ்சவில்லை, குறையவும் இல்லை, நான் எப்போதும் தின்கிற அளவு தின்றேன். அப்போது வீட்டில் இரண்டு பேர். இப்போது நான் ஒருவன். அதே உழக்கு. இப்போதும் மிஞ்சவில்லை.

இன்று காலையில் அரிசி அளக்கும்போதுதான் இது தோன்றியது. அளந்த அரிசியை உலையில் போடாமல் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன். அப்புறம் போட்டேன். பசித்தது, என்ன செய்ய?

டிரைவரை எழுப்புங்கள். லாரி தஞ்சாவூர் வழியாகத்தானே போகும்? போரைப் பிரித்து ஏற்ற வெகு நேரம் ஆகும், அதை நாளைக்கு வந்து ஏற்றிக்கொள்ளுங்கள், நனைந்தால் நனையட்டும். இப்போதே கிளம்ப முடியுமா? நான் சட்டையை மட்டும் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறேன். முன்னால் ஓர் ஆள் உட்கார இடம் இருக்குமா?